மண்ணில் உறையும் நோயும் மனத்தில் உறையும் மடமையும்

காய்ச்சலில் விழுந்த ஒருவர் ஐந்தாறு நாளில் மாண்டுவிட்டால், ‘மர்மக் காய்ச்சல்’ என்று இரண்டு சொற்களை எழுதிவிட்டு ஓய்ந்துவிடும் பழக்கம் தமிழில் எழுதுவோரிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. மர்மம் என்ற சொல் மிகவும் வசதியானது. எழுதுவோனுக்கு ஆராயும் வேலையை அது குறைக்கிறது. படிப்போனுக்கு அச்சம் கலந்த ஒருவகைச் சுவையை ஊட்டுகிறது. இறந்தவரின் வீட்டாருக்கோ ‘விதி’ என்று சொல்லி அழுது ஓய வழி செய்கிறது. மூவருக்கும் பயன்படுவதால் அச்சொல் சாகாமல் இருக்கிறது. சாகின்றவர்கள் மனிதர்கள்.

மர்மம் என்று முத்திரை குத்தப்படும் அக்காய்ச்சல்களுள் ஒன்றுக்கு நூறாண்டுக்கு முன்பே பெயர் சூட்டியாகிவிட்டது. சூட்டியவர்கள் கோலாலம்பூரில் இருந்தவர்கள். 1900ஆம் ஆண்டில் அந்நகரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டாண்டன், பிளெட்சர் என்னும் இருவரும் 1921இல் அதனை ‘மெலியோய்டோசிஸ்’ என்று அழைத்தனர். கழுதைகளைத் தாக்கும் ஒரு நோயைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. 1932இல் அவ்விருவரும் அந்நோயைப் பற்றித் தனி நூலே வெளியிட்டனர். அதிற் கூறப்பட்ட நோயாளிகளுள் பிழைத்தோர் மிகச் சிலரே. மலாயாவில் பிறந்த நூல், மலாயாவில் மாண்டோரைப் பற்றிய நூல். பால்மரத் தோட்டங்களில் உழைத்துக் களைத்த தமிழர் பல்லாயிரவர் வாழ்ந்த மண்ணில் உருவான அறிவு அது. ஆயினும் அந்நோயின் பெயரைச் சொல்லத் தெரிந்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? அந்நோய் எங்கே உறைகிறது என்று கேட்டால் விடை கூறத்தக்க தமிழாசிரியர் எத்தனை பேர்?

பெயர் கோலாலம்பூரில் பிறந்தது என்றாலும், கண்டுபிடிப்பு அதற்கும் பத்தாண்டு மூத்தது. 1911இல் இரங்கூன் பொது மருத்துவமனையில் பிணங்களை அறுத்து ஆராய்ந்து வந்த ஆல்பிரட் விட்மோர் என்ற மருத்துவரும், அவருக்கு உதவியாக இருந்த சி. எஸ். கிருஷ்ணசாமி என்பவரும் ஒரு விந்தையைக் கண்டனர். தெருவோரத்தில் வாடிய ஏழைகள், மார்பியா ஊசிக்கு அடிமையானவர்கள் ஆகியோரின் உடல்களில் நுரையீரல் கட்டித்துப்போய் இருந்தது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்திருந்தன. பார்வைக்குக் குதிரைகளுக்கு வரும் கொள்ளைநோய் போல இருந்தது. ஆனால் இறந்தவர்களோ குதிரையின் அருகிற்கூடச் சென்றறியாதவர்கள். சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, அதுவரை எவரும் விவரிக்காத ஒரு நுண்ணுயிர் வெளிப்பட்டது. 1912இல் அச்செய்தி அச்சேறிற்று.

கிருஷ்ணசாமி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தமிழர் என்று மாலை சூட்டி, விழா எடுக்கப் புறப்படுவோர் உண்டு. அது வேண்டாம். பெயர் தென்னாட்டுப் பெயர். அதற்கு மேல் ஒரு பெயரை வைத்துக்கொண்டு கோபுரம் எழுப்புவது தகாது. மாலையும் மேடையும் எளிதில் கிடைக்கும். அவர் கண்ட பொருளை அறிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

அப்பொருளின் இயல்பு இது. தென்கிழக்காசியாவின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அந்நுண்ணுயிர் வாழ்கிறது. வெறும் வாலைவடிநீரில், வேறு உணவின்றி, 16 ஆண்டுகள் உயிரோடிருந்ததைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். காலிலுள்ள சிறு புண் வழியே அது உடலுட் புகும். புயல்மழை நாளில் மூச்சோடு புகும். காய்ச்சாத நீரோடும் புகும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. நல்ல உடல்நலம் உடையவரிடம் பெரும்பாலும் அது தோற்றுவிடுகிறது. இனிப்பு நீர் உள்ளவரிடமோ அது வேரூன்றிவிடுகிறது. நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இனிப்பு நீர் உடையவர்கள் என்பது பல நாட்டு மருத்துவர்களும் கண்ட உண்மை. மலேசியாவில் 2019இல் நடந்த உடல்நல ஆய்வு, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு என்று கூறிற்று. அவ்விழுக்காடு இந்தியரிடையே மற்ற இனத்தாரைவிட உயர்ந்து நின்றது. இவ்விரண்டு செய்திகளையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்நோய் யாருடைய வாசலில் நிற்கிறது என்பது விளங்கும்.

2010இல் பகாங்கு மாநிலத்தின் லூபோக் யூ என்னுமிடத்தில் ஓர் இளைஞர் நீரில் மூழ்கினார். அவரைத் தேடும் பணியில் மீட்புப் படையினரும் ஊர் மக்களுமாக 153 பேர் அந்நீரிலும் சேற்றிலும் இறங்கினர். பின்னர் அவர்களுள் பலருக்குக் காய்ச்சல் கண்டது. பத்துப் பேருக்கு மெலியோய்டோசிஸ் என்பது உறுதியாயிற்று. சிலருக்கு எலிக் காய்ச்சலும் உடன் இருந்தது. எட்டுப் பேர் இறந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் இனிப்பு நீர் உடையவர்கள். பிறர்க்கு உதவப்போய் மாண்ட அம்மக்களின் கதையில் மர்மம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரிகிறது.

இந்நோயைத் தீர்க்க இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று மருந்து, மற்றொன்று கத்தி. தமிழரிடையே இரண்டைப் பற்றியும் தவறான எண்ணங்கள் மண்டிக்கிடக்கின்றன.

முதலில் மருந்து. பெனிசிலினும் ஆம்பிசிலினும் இந்நுண்ணுயிரிடம் செல்லுபடி ஆவதில்லை. மருந்துக்கடைக்குப் போகாமலே, வீட்டுப் பேழையில் பழைய மாத்திரையைத் தேடி எடுத்து, அண்டை வீட்டாருக்கும் இரண்டு ஈந்து, தாமும் இரண்டு விழுங்கும் கொடைவள்ளல்கள் இதனை அறிதல் வேண்டும். நெடுங்காலம் குளோரம்பெனிக்கால் முதலிய பல மருந்துகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தனர். நோய் முற்றியவருள் நால்வரில் மூவர் இறந்தனர். 1989இல் தாய்லாந்தின் உபோன் நகரில் நடந்த ஆய்வொன்று அந்நிலையை மாற்றிற்று. செப்டாசிடிம் என்னும் மருந்தை நரம்பின் வழியே செலுத்தியபோது இறப்பு 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்தது. பாதியாகக் குறைந்தது! மருத்துவ உலகில் ஒரே மருந்தால் இத்தகைய மாற்றம் நேர்வது எளிதன்று.

ஆனால் அம்மருந்தைச் செலுத்தினால் மட்டும் போதாது. குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள்கள் நரம்பின் வழியே மருந்து ஏற்றல் வேண்டும். சீழ் ஆழத்தில் இருந்தால் நான்கு வாரமும் அதற்கு மேலும் ஆகும். அதன்பின் மூன்று மாதமேனும் கோடிரைமோக்சசோல் மாத்திரை உண்ணல் வேண்டும். ஏன் இத்துணை நாள்? அந்நுண்ணுயிர், தன்னை விழுங்க வரும் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழும் ஆற்றல் பெற்றது. காய்ச்சல் தணிந்துவிட்டது, பசி எடுக்கிறது, நடை திரும்பிவிட்டது. நோயாளி எழுந்து வேலைக்குப் போகிறார். உள்ளே ஒளிந்திருப்பது காத்திருக்கிறது. நோய் திரும்பி வந்தவர்களை ஆராய்ந்தவர்கள், மாத்திரையை ஒழுங்காக உண்ணாமையே அதற்குத் தலையாய காரணம் என்று கண்டனர்.

‘உடம்பு சரியாகிவிட்டால் மருந்து எதற்கு?’ என்ற வினா அறிவுடைய வினா போலத் தோன்றும். அதற்கு 1941ஆம் ஆண்டே விடை தந்துவிட்டது. ஆக்ஸ்போர்டு நகரில் கொடிய தொற்றால் முகமெல்லாம் சீழ் கட்டிக் கிடந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் செலுத்தினர். காய்ச்சல் இறங்கிற்று, அவர் உணவு கேட்டார். ஆனால் அன்று உலகில் இருந்த பெனிசிலின் மிகச் சிறிது. அவருடைய சிறுநீரிலிருந்து வடித்தெடுத்து அதையே மீண்டும் செலுத்தியும் மருந்து தீர்ந்துபோயிற்று. நோய் திரும்பிற்று, மார்ச்சுத் திங்களில் அவர் இறந்தார். அன்று இல்லாமையால் நின்ற மருந்தை, இன்று கையில் வைத்துக்கொண்டே நிறுத்துகிறார்கள்.

இதனால் எல்லாக் காய்ச்சலுக்கும் நெடுநாள் மருந்து வேண்டும் என்று கொள்ளலாகாது. சளிக்கும் தும்மலுக்கும் இம்மருந்துகளால் பயனே இல்லை. சாதாரண நுரையீரல் அழற்சிக்கு ஐந்து நாளே போதும் என்பதும் பிற்கால ஆய்வுகளின் முடிவு. எந்நோய்க்கு எத்தனை நாள் என்பதை நோயே முடிவு செய்கிறது. மருத்துவர் அதனை அறிந்து சொல்கிறார். இரண்டு நாள் போதுமான இடத்தில் இருபது நாள் கேட்பதும், மூன்று மாதம் வேண்டிய இடத்தில் மூன்று நாளோடு நிறுத்துவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

இனிக் கத்தி. ‘கத்தி பட்டால் ஆள் தேறமாட்டான்’ என்னும் பேச்சு தோட்டப்புறத்தில் மட்டும் கேட்கும் பேச்சன்று. பட்டம் பெற்றவர் வீட்டிலும் கேட்கும். அறுவைக்குக் கையொப்பம் இடாமல், ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று உறவினர் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே சீழ் பெருகிக்கொண்டிருக்கிறது. சீழ்க்கட்டி என்பது உடலுக்குள் கட்டப்பட்ட ஒரு கோட்டை போன்றது. அதன் நடுவே இரத்த ஓட்டம் இல்லை. மருந்தோ இரத்தத்தின் வழியே செல்வது. வழியில்லாத இடத்திற்கு மருந்து எவ்வாறு போய்ச் சேரும்? போய்ச் சேர்ந்த சிறிதளவும் அச்சீழின் புளிப்பிலும் நெரிசலிலும் ஆற்றல் குன்றிவிடுகிறது. ஆதலால் சீழை வெளியேற்றுதல் மருந்துக்குப் பகையன்று. மருந்துக்கு வழி திறந்துவிடுதல் ஆகும்.

1902 ஜூன் 26இல் முடிசூடவிருந்த ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் குடல்வால் அழன்று வயிற்றில் சீழ் கட்டிற்று. முடிசூட்டு விழாவைத் தள்ளிப்போட மன்னர் உடன்படவில்லை. மருத்துவர்கள் விடவில்லை. ஜூன் 24இல் டிரீவ்சு என்ற அறுவை வல்லுநர் வயிற்றைத் திறந்து சீழை வடித்தார். குடல்வாலை அவர் எடுக்கவே இல்லை. பெனிசிலினும் அன்று இல்லை. ஆகஸ்டு 9இல் மன்னர் முடி சூடினார். மருந்தே இல்லாத காலத்திலும் சீழ் வடிந்தமையால் ஓர் உயிர் நின்றது. மருந்தும் கத்தியும் அடுத்தடுத்து நிற்கும் இக்காலத்தில், கத்தியை மட்டும் பேயாகக் கண்டு அஞ்சுவது என்ன அறிவு?

மெலியோய்டோசிசில் எல்லாக் கட்டியையும் அறுப்பதில்லை என்பதையும் சொல்லல் வேண்டும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் கடுகு போலப் பரவிய சிறு கட்டிகளை மருந்தே கரைத்துவிடும். ஆடவரின் சுக்கிலச் சுரப்பியில் கட்டும் பெருங்கட்டியையோ மூட்டுக்குள் தேங்கிய சீழையோ மருந்தால் மட்டும் தீர்ப்பது அரிது. அவற்றை வடித்தே தீர்தல் வேண்டும். பல வேளைகளில் பெருங்காயம்கூட இல்லை. ஒலியலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திச் சீழை இழுத்துவிடுகிறார்கள். அஞ்சுவோர் அஞ்சுவது ஐம்பதாண்டுக்கு முந்திய கத்திக்கு. (தமிழில் ‘அறுவை’ என்ற சொல்லைச் சலிப்பூட்டும் பேச்சுக்கு வழங்கி நகைக்கிறார்கள். மேடைகளை நோக்க, அவ்வழக்கில் நியாயம் இல்லாமல் இல்லை.)

இவ்விடத்தில் பழியை முழுவதும் பாமரர் தலையில் சுமத்திவிட்டு அகல்வது அறமன்று. நாட்கூலி பெறுபவர் மூன்று மாதம் மருத்துவமனைக்கு நடந்தால் அவருடைய அடுப்பு எவ்வாறு எரியும்? அரசு மருத்துவமனையில் மருந்துக்குப் பெரும்பொருள் வேண்டா. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியுமே பெருஞ்செலவு. இந்நோயும் எளிதில் முகம் காட்டுவதன்று. காசநோய் போல நடிக்கும்; சாதாரண நுரையீரல் அழற்சி போல நடிக்கும். சோதனைச்சாலையில் இரத்தத்தை வைத்து நுண்ணுயிரை வளர்த்துப் பார்த்து உறுதி செய்ய நாள்கள் ஆகும். பழக்கமில்லாத கண் அதனை வெறும் அழுக்கு என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. கற்ற மருத்துவரே தடுமாறும் நோயைக் கல்லாதவர் அறியவில்லை என்று ஏசுவது எளிய வீரம்.

ஏசத்தக்கவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். மொழி தெரிந்தவர்கள், எழுதுகோல் பிடித்தவர்கள், ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகின்றவர்கள் அவர்கள். பழந்தமிழர் அறுவை மருத்துவத்தில் உலகுக்கே ஆசான்கள் என்று முழங்கும் கட்டுரைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அம்முழக்கத்தைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் ஒருவர், தம் தந்தையின் வயிற்றில் உள்ள சீழை வடிக்க ஒப்புதல் தராமல் நாள் கடத்துகிறார். பழம்பெருமை அவருக்கு எதைக் கற்றுத் தந்தது?

‘மருத்துவம் மருத்துவர் பாடு, தமிழாசிரியருக்கு இலக்கியம் போதாதா?’ என்று கேட்பார் உளர். திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே உண்டு என்பதை அவர்கள் நாளும் கற்பிக்கிறார்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நால்வகைக் கூறுகளாக மருத்துவத்தை வள்ளுவர் பகுத்ததையும் மாணவர் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். அந்நான்காம் கூறு யார்? மூன்று மாதம் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, ‘அப்பா, இன்றைக்கு உண்டீர்களா?’ என்று கேட்கும் மகளே அந்நான்காம் கூறு. மருத்துவமனைத் தாளைப் படித்துத் தாய்க்குத் தமிழில் விளக்கும் பள்ளி மாணவனே அந்நான்காம் கூறு. குறளின் பொருள் அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்க, பதவுரையும் பொழிப்புரையும் சொல்லி மணியடித்துவிடுகிறது.

‘தமிழில் இதனையெல்லாம் சொல்ல முடியுமா?’ என்பது இன்னொரு சாக்கு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கினார். அறுவை மருத்துவத்துக்கென ‘இரண வைத்தியம்’ என்ற பெரு நூலை 1867இல் தமிழில் தந்தார். அவர் வந்தது சமயப் பணிக்கு என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். அயல்நாட்டார் ஒருவருக்கு முடிந்தது, தமிழைத் தாய்மொழி என்று நெஞ்சில் அடித்துக்கொள்வோருக்கு ஏன் முடியவில்லை என்ற வினா ஒதுங்காது. சீழ், கட்டி, அழற்சி, தொற்று, நுண்ணுயிர்க்கொல்லி என எல்லாம் கையிலேயே இருக்கும் சொற்கள். கடைசிச் சொல் நாவில் ஏறாதவர் ‘ஆண்டிபயாட்டிக்’ என்றே சொல்லட்டும். அதனால் தமிழ் குன்றிவிடாது. ‘மர்மம்’ என்ற சொல்லால்தான் குன்றுகிறது.

2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுதோறும் 165,000 பேர் மெலியோய்டோசிசால் பீடிக்கப்படுவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கூறிற்று. அவர்களுள் பெரும்பங்கினர் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்கிறவர்கள். தமிழ் வழங்கும் நாடுகளெல்லாம் அவ்வட்டத்துக்குள் அடங்கும். தடுப்பூசி இல்லை. தடுப்பு என்பது மிக எளிய செய்திகளால் ஆனது: காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதிருத்தல், இறங்கியே தீரவேண்டின் நீண்ட காலணியும் கையுறையும் அணிதல், நீரைக் காய்ச்சிக் குடித்தல், இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைத்தல், மழைக்குப் பின் காய்ச்சல் கண்டால், சேற்றில் வேலை செய்ததையும் இனிப்பு நீர் உள்ளதையும் மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லுதல். கடைசியாகச் சொன்னதுதான் மருத்துவரின் ஐயத்தை உரிய திசையில் திருப்பும். சரியான மருந்து முதல் நாளே நரம்பில் ஏறுவதும் பெரும்பாலும் அதனைப் பொறுத்தே இருக்கிறது.

இவை யாவும் பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கத்திற்குள் அடங்கிவிடும். கட்டுரைப் பயிற்சிக்கு ‘ஒரு மழைநாள்’ என்று ஆண்டுதோறும் தலைப்புத் தருகிறார்கள். மாணவரும் மேகம் கருத்தது, மயில் ஆடியது என்று, மயிலையே கண்டறியாத ஊரிலிருந்து எழுதித் தருகிறார்கள். அடுத்த முறை அத்தலைப்பைத் தரும் ஆசிரியர், மழை நின்றபின் வீட்டுக்குப் பின்னாலுள்ள சேற்றில் யார் யார் வெறுங்காலோடு இறங்குகிறார்கள், அவர்களுள் யாருக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று கேட்டறிந்து எழுதி வரச் சொல்லட்டும்.